பாட்டுப் பெட்டிக்கு எதற்கு இத்தனை பந்தா?

பழைய பெயரைத் தூசு தட்டி மறுபடி விற்க வந்திருக்கும் ஒரு மியூசிக் பிளேயரை வாங்கித் தொலைத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள். ஆன் செய்ததுமே வைஃபை கேட்டது. அப்புறம் கணக்கு தொடங்கச் சொன்னது. அப்புறம் அப்டேட். முதல் பாட்டு காதில் விழ முக்கால் மணி நேரம். போன் தொல்லை இல்லாமல் பாட்டு கேட்கத்தானே வாங்கினேன்? இப்போது கையில் இன்னொரு போன், பேசத்தான் முடியாது. சத்தத்தைக் குறைக்கக்கூடத் திரையைத் தடவ வேண்டும்.

1979 ஜூலையில் சோனி கொண்டுவந்த முதல் வாக்மேனில் கேசட்டைப் போட்டு பட்டனை அமுக்கினால் பாடும். இரண்டு ஹெட்போன் சொருகலாம். பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கென்றே ஓர் ஆரஞ்சு பட்டன். அந்த ஆரஞ்சு பட்டனை யோசித்தவருக்குக் கும்பிடு!

அதே சோனிதான் டிஜிட்டல் காலத்தில் எம்பி3 பாட்டை அப்படியே ஏற்காமல், தன் ஏட்ராக் வடிவத்துக்கு மாற்றச் சொல்லி அடம்பிடித்தது. 2004இல் அது இறங்கி வருவதற்குள், 2001இல் வந்த ஆப்பிளின் ஐபாட் பிளேயர் சந்தையை அள்ளிக்கொண்டு போய்விட்டது. (அந்த ஐபாடுக்கும் 2022இல் மூடுவிழா நடந்தது.) 2016இல் தங்க முலாம் பூசிய செம்பு உடம்போடு ஒரு வாக்மேன் வந்தது. எடை ஏறக்குறைய 455 கிராம். சட்டைப் பை தாங்குமா?

என் பிளேயர் இதோ மறுபடி மினுக்குகிறது. இன்னொரு அப்டேட்டாம்.