வாழ்த்து அட்டையா, அப்பளமா?

நாலு பேர் கூடி உட்கார்ந்து, தோழியின் பிறந்தநாளுக்கென்று ஆசை ஆசையாக அட்டை செய்கிறார்கள். மறுநாள் பார்த்தால் அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. வயிறு எரிகிறது! வெள்ளைப் பசையை அள்ளி அப்பினால் வேறென்ன ஆகும்? அதிலுள்ள தண்ணீரைக் குடித்துக் காகித நார் உப்புகிறது. காயும்போது சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. பெரிய துண்டுக்கு டபுள் சைடு டேப், சின்னதுக்கு குளூ ஸ்டிக் போதும். வெள்ளைப் பசைதான் வேண்டுமென்றால் பொட்டுப் பொட்டாக வைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள்.

அடுத்தது மடிப்பு. 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) உள்ள கெட்டி அட்டையை அப்படியே கையால் மடக்கினால் முதுகு வெடித்து உள்நார் தெரியும். ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடிப்பதற்கு என்ன கஷ்டம்? அதற்கு முன் இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வாக்கில் எளிதாக வளைகிறதோ அதிலேயே மடிப்பு வரட்டும்.

உறை இன்னும் மோசம். எல்லாம் முடித்த பிறகுதான் கடைக்கு ஓடுகிறார்கள். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் 148 × 210 மி.மீ.; சி5 உறை 162 × 229. கச்சிதமாக நுழையும். ஆனால் மேலே பட்டன், கல், மணி என்று ஒட்டியிருந்தால் அதிலும் நுழையாது.