நாலரைக்கே இருட்டும் நாளில் ஊர் சுற்றுவது

குளிர்காலம் வந்தால் போர்வைக்குள் சுருண்டு கிடப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தவன்தான் நானும். நாலைந்து வருஷமாகக் கட்சி மாறிவிட்டேன். குளிர் மாதங்களில் மாசம் ஒரு சனிக்கிழமையாவது, ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஏதாவது ஒரு சின்ன ஊருக்குக் காலையில் கிளம்பிப் போய், இருட்டியதும் திரும்பிவிடுவேன். "இந்தக் குளிர்ல அங்க என்னப்பா இருக்கு?" என்று கேட்காத நண்பர் இல்லை. பெரிதாக ஒன்றும் இருக்காது, நிஜம்தான். பார்க்கவேண்டிய இடங்களில் பாதி பூட்டித்தான் கிடக்கும்.

கோடையில் அதே ஊர் வருகிறவர்களுக்காக வேஷம் கட்டி நிற்கும். குளிர் வந்ததும் நினைவுப்பொருள் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவார். செருப்பு தைப்பவர், முடிவெட்டுகிறவர், நூலகம், தபால் ஆபீஸ், இவை மட்டும் திறந்திருக்கும். ஊர்க்காரர்களுக்கும் நின்று பேச நேரம் இருக்கும்.

ஒரு ஜனவரியில் ஒரு குட்டி அருங்காட்சியகத்துக்குப் போனேன். கதவு பூட்டு. கண்ணாடியில் ஒரு தாள், அதில் பேனாவால் எழுதிய போன் நம்பர். கூப்பிட்டேன். பத்து நிமிஷத்தில் ஒரு பெரியவர் வந்தார். பூட்ஸுக்குக் கயிறுகூடக் கட்டவில்லை. மின்சாரம் வீணாகக் கூடாதென்று நாங்கள் நுழைகிற அறைக்கு மட்டும் விளக்கைப் போட்டு, வெளியே வந்ததும் அணைத்துவிடுவார். ஹீட்டர் கிடையாது, பேசினால் வாயிலிருந்து புகை. பழைய தராசு ஒன்றைக் காட்டி, அதன் ஒரு தட்டு மட்டும் ஏன் தேய்ந்திருக்கிறது என்பதை இருபது நிமிஷம் சொன்னார். சுவரில் இருந்த குழுப் படத்தில் பின்வரிசையில் முகம் கலங்கி நின்றவர் அவருடைய பெரியப்பாவாம். படம் எடுக்கும்போது அசைந்துவிட்டாராம். ஆகஸ்டில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் போயிருந்தால் இந்தப் பெரியப்பா எனக்குக் கிடைத்திருப்பாரா?

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே 50 டிகிரி அட்சரேகைப் பக்கம், டிசம்பர் 21, 22 வாக்கில், நடுப்பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து பதினாறரை டிகிரிதான் ஏறும். நம் நிழல் நம் உயரத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் நீளும். அதாவது நாள் முழுக்கச் சாய்ந்த வெயில். ஒரு பழைய கட்டடத்தின் நெற்றியில், பெயின்ட் அடித்து மறைத்த புடைப்பெழுத்தை நான் அப்படித்தான் வாசித்தேன். பக்கவாட்டில் விழுந்த வெயிலில் எழுத்துக்கெல்லாம் நிழல் முளைத்திருந்தது. போதாததற்கு மரங்களில் இலை இருக்காது. கோடையில் கண்ணில் படாத கூரையும் புகைபோக்கியும் தெருவிலிருந்தே தெரியும்.

பகல் குறைவு என்பதுதான் எல்லோரும் சொல்கிற குறை. அந்த நாட்களில் 40 டிகிரியில் சுமார் ஒன்பதே கால் மணி நேரம், 50 டிகிரியில் எட்டு, 60 டிகிரியில் ஆறுகூட இருக்காது. (பூமியின் தென்பாதியில் இருப்பவர்கள் டிசம்பர் என்பதை ஜூன் என்று மாற்றிக்கொள்ளவும்.) ஒரு ஆறுதல் உண்டு. வருஷத்திலேயே சீக்கிரமான அஸ்தமனம் மிகக் குறுகிய பகலன்று வருவதில்லை. 40, 50 டிகிரிப் பக்கம் ஒரு வாரத்துக்கும் மேல் முன்னாலேயே வந்துபோய்விடும். அதனால் டிசம்பர் பாதி தாண்டினால் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக நீள ஆரம்பிக்கும், விடியல்தான் ஜனவரி வரை தள்ளிக்கொண்டே போகும். அஸ்தமனம் எத்தனை மணி என்று முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் நான் கிளம்புகிற நேரத்தை முடிவு செய்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒரே ஊர்தான். "ஒரே நாளில் ஐந்து பனி ஊர்கள்" என்று வருகிற வீடியோக்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். நானும் அப்படி ஒருமுறை மூன்று ஊர் திட்டம் போட்டவன் என்பதால் எரிச்சல் கொஞ்சம் கூடுதல். மூன்றாவது ஊர் போய்ச் சேரும்போதே இருட்டு. முப்பது சதவீதம் காட்டிய போன் பட்டென்று அணைந்தது. குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும், சார்ஜ் இருந்தும் கொடுக்காது. டிக்கெட், மேப், பஸ் நேரம் எல்லாமே அதற்குள். ஸ்டாப்பில் ஒட்டியிருந்த அட்டவணையைத் தெருவிளக்கில் கண்ணை இடுக்கிப் பார்த்தால், குளிர்காலத்தில் சாயங்காலப் பஸ் ஒன்று கிடையாதாம். போனைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கழித்துத் தானாகச் சூடேறி உயிர் வந்தது. அன்றிலிருந்து போன் உள்பாக்கெட்டில், பஸ் நேரம் ஒரு துண்டுச் சீட்டில்.

காரில் போகிறவர்கள் பாலத்தில் மெதுவாகப் போங்கள். மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் தரையில் உள்ள ரோட்டுக்கு முன்னால் பாலம்தான் உறையும், அந்த மெல்லிய பனிக்கட்டி கண்ணுக்கும் தெரியாது. கிளம்புமுன் டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள், குளிரில் அழுத்தம் இறங்கியிருக்கும். உடம்போடு ஒட்டுகிற உடுப்பு பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றதும் நடுங்கவைக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக எடுத்துப்போகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. நனைந்த காலோடு நாலு மணி நேரம் நடந்தபிறகு கேட்பார்கள்.

மூடுபனி என்றால் போவேன். தெருமுனை தெரியாத சின்ன ஊர் அவ்வளவு அழகு. உறைமழை, அதாவது தரையில் விழுந்ததுமே பனிக்கட்டியாகிற மழை, என்று முன்னறிவிப்பு வந்தால் மாட்டேன், கிளம்பிப் பாதி வழி வந்திருந்தாலும் திரும்பிவிடுவேன். போன ஊரில் திறந்திருக்கிற கடையில் ஏதாவது ஒன்று வாங்கிக்கொண்டு வருவதும் என் வழக்கம். அந்த மாதங்களில் அவர்களுக்கு வியாபாரம் படுமந்தம்.

அந்தப் பெரியவர் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டும்போது சொன்னார்: "கோடையில வாங்க, மாடியும் திறந்திருக்கும்." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்னும் போகவில்லை. வருகிற ஜனவரியில் போனில் கூப்பிடும்போது, மாடிச் சாவியையும் கையோடு எடுத்துவர முடியுமா என்று கேட்டுப் பார்க்கணும்.