பனியைத் தேடி ஒரு அலைச்சல்

அமெரிக்காவின் தெற்கு விஸ்கான்சினில் ஜனவரியிலும் புல் தெரிகிறது. பனிமேல் ஓட்டும் வண்டியான ஸ்னோமொபைல் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. சரி, பனி இருக்கும் ஊருக்குப் போவோம் என்றால், எந்த ஊர்? பக்கத்து மாநிலமான மிச்சிகனின் கீவினா தீபகற்பத்தில் சுப்பீரியர் ஏரிக் காற்று பனியைக் கொட்டித் தீர்க்கும். 1978-79இல் 390 அங்குலம்! ஆனால் டிரெய்லரை அவ்வளவு தூரம் இழுக்க வேண்டும், அந்த மாநிலத்துக்குத் தனி பர்மிட் வேறு.

போன வருஷம் சோம்பல்பட்டு பாதி தூரத்தில் விடுதி பிடித்தேன். "பனி அருமை சார்" என்றார் விடுதிக்காரர் போனில். போய்ப் பார்த்தால் வளைவுக்கு வளைவு மண்ணும் ஐஸும். பனித்தூள் அடித்தால்தானே எஞ்சின் குளிரும்? அரை மணியில் சூட்டு விளக்கு எரிந்தது. அடியில் பட்டை வழுக்கி ஓடும் ஸ்லைடர் பிளாஸ்டிக் சரளையில் தேய்ந்து நாறியது. முன்பணம் மட்டும் திரும்பாதாம்!

இந்த வாரத்துக்கு மூன்று வானிலை ஆப் பார்த்துவிட்டேன். மூன்றும் மூன்று விதம்.