ஒரு எழுத்துக்கு இவ்வளவு அலப்பறையா!

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிந்ததும் கேமிங் கணினி வாங்கித் தருகிறேன் என்று மகனிடம் வாயைக் கொடுத்தது என் தப்புதான். கையில் ஆயிரம் வெள்ளி. சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி இறங்கியதில் முட்டிதான் தேய்ந்தது.

மலிவாக இருக்கிறதே என்று ஏஎம்டியின் ரைசன் 5 5600 செயலியைப் பிடித்தால், அதைப் பொருத்தும் இடம் பழைய ஏஎம்4 சாக்கெட், நினைவகமும் பழைய டிடிஆர்4 ரேம். பின்னாளில் மேம்படுத்தலாமே என்று புதிய ஏஎம்5 சாக்கெட் பக்கம் போனால் டிடிஆர்5 ரேம் மட்டும்தான், பட்ஜெட் பல்லிளிக்கிறது. ஒரு வகை ரேமை மற்றதன் இடத்தில் செருகவும் முடியாது, அடியில் இருக்கும் வெட்டே வேறு இடத்தில்.

அதைவிடக் கொடுமை இந்த எழுத்து விளையாட்டு. 5600-க்குள் திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரை இருட்டுதான். பின்னால் 'ஜி' ஒட்டினால் உண்டாம். சரி, புரிந்துவிட்டது என்று இன்டெல் பக்கம் திரும்பினால் தலைகீழ்! அவர்களுடைய ஐ5 12400 செயலியில் உண்டு, 'எஃப்' ஒட்டினால் இல்லை. ஒருவர் எழுத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார், இன்னொருவர் சேர்த்துப் பிடுங்குகிறார். (நம் வாத்தியார் நடத்திய புணர்ச்சி விதியே தேவலை.)

ஒருவழியாகக் கூட்டிக் கழித்து மூச்சு விட்டேன்.

"அப்பா, விண்டோஸுக்குக் காசு வச்சீங்களா?"