பூசணிக்கா வேஷம் போட்ட அக்காவும் "மேக்கப் செலவு மிச்சம்" கோஷ்டியும்

சனிக்கிழமை ராத்திரியில இருந்து இன்பாக்ஸ்ல நிறைய பேரு "விடுங்க, எதுக்கு டென்ஷன்"னு சொல்லிட்டீங்க. விட்டுப் பாத்தேன், முடியல. எழுதிடறேன். நீளமாத்தான் போகும், பொறுமை இல்லாதவங்க இப்பவே ஸ்க்ரோல் பண்ணிப் போயிடுங்க.

நம்ம ஜொல்லாஃப் அக்காவை இங்க பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். இங்க ஹூஸ்டன்ல எங்க எதிர்வீடு, ஊரு நைஜீரியாவுல இபாடான், வேலை நைட் ஷிஃப்ட் நர்ஸ், நான் அவங்க ஜொல்லாஃப் சோத்தைப் போட்டோ எடுத்துப் போட்டு உங்கள்ல பாதிப்பேரு ரெசிபி கேட்டு உயிரை எடுத்தீங்களே, அதே அக்காதான். ஹாலோவீனுக்கு (அக்டோபர் கடைசியில பிள்ளைங்க வேஷம் போட்டு வீடு வீடா மிட்டாய் வாங்கப் போற பண்டிகை) அவங்க போட்டிருந்த பூசணிக்கா வேஷத்தை நான் ஆசையா போட்டோ எடுத்து இங்க போட்டேன். அதை ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேற ஒரு குரூப்ல போட்டு, "இவங்களுக்கு மேக்கப் செலவு மிச்சம்"னு எழுத, அதுக்குக் கீழ வரிசையா சிரிச்ச மூஞ்சி. அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல, இன்னொரு பெரிய மனுஷன் வந்து, ஆப்பிரிக்கக் குடியேறிகள் சொந்தப் பண்பாட்டைத் தொலைச்சுட்டு வெள்ளைக்காரன் கூத்தைக் காப்பி அடிக்குறது அடிமைப் புத்தின்னு கட்டுரையே எழுதியிருக்காரு. அடேங்கப்பா. ஐயா, நீங்க அந்தக் கட்டுரையை எழுதுனது டெக்சாஸ்ல உக்காந்து, ப்ரொஃபைல் போட்டோவுல தாங்க்ஸ்கிவிங் வான்கோழியோட.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்த அக்கா யாரையும் பாத்துக் காப்பி அடிக்கல. யோசிச்சு, பயந்து, வீட்ல சண்டை போட்டு, சொந்தமா எடுத்த முடிவு அது.

இந்தத் தெருவுக்கு வந்த புதுசுல ஹாலோவீன் அன்னைக்கு அவங்க வீட்டு வாசல் லைட் எரியாது. இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும், லைட் எரிஞ்சா வாங்கன்னு அர்த்தம், அணைஞ்சிருந்தா பிள்ளைங்க அந்த வாசப்படி ஏற மாட்டாங்க. அக்கா லைட்டை அணைச்சுட்டு, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு சர்ச்சுக்குப் போயிருவாங்க. அங்க அன்னைக்கு ஹார்வெஸ்ட் பெஸ்டிவல்னு வைப்பாங்க, பிள்ளைங்க மோசே, எஸ்தர்னு பைபிள் வேஷம் மட்டும் போடலாம், பேய் பிசாசு கிடையாது. நான்கூட ஆரம்பத்துல என்ன இவ்ளோ கட்டுப்பெட்டியா இருக்காங்கன்னுதான் நெனச்சேன், கேட்டப்பத்தான் விவரம் தெரிஞ்சுது. அவங்க வளந்த பெந்தெகொஸ்தே சபையில சூனியம்ங்கிறது கதை கிடையாது, ராத்திரி முழுக்க உபவாசம் இருந்து விரட்டுற நிஜமான சமாச்சாரம். அதே நாட்டுல அக்வா இபோம்னு ஒரு மாநிலம், அங்க ஒரு குழந்தையைப் பாத்து நீ சூனியக்காரின்னு பழி சொல்றதே குற்றம்னு 2008-ல சட்டம் போட வேண்டி வந்துச்சு, ஏன்னா அப்படிப் பழி விழுந்த பிள்ளைங்களை அடிச்சு வீட்டை விட்டே துரத்திக்கிட்டு இருந்தாங்க. அப்படிப்பட்ட நாட்டுல இருந்து வந்த ஒரு அம்மாகிட்ட போய் "உங்க பொண்ணுக்கு சூனியக்காரி தொப்பி அழகா இருக்கும்"னா எப்படி இருக்கும்? நமக்கு அது பதினஞ்சு டாலர் தொப்பி. அவங்களுக்கு?

இதுல மாறுனது எப்படின்னா, அவங்க வேலையால. பிள்ளைங்க வார்டுல டூட்டி போட்டிருக்காங்க ஒரு அக்டோபர்ல. ஆஸ்பத்திரியில படுத்திருக்குற பிள்ளைங்க வீடு வீடா போக முடியாதுல்ல, அதனால நர்ஸுங்களே மிட்டாய் வண்டியைத் தள்ளிக்கிட்டு ரூம் ரூமா போவாங்க. அக்கா மாட்டேன்னுதான் சொல்லியிருக்காங்க, ஆள் பத்தாம வண்டியை இவங்க கையில குடுத்துட்டாங்க. ஒரு பொடியன், கையில ட்ரிப்ஸ் ஓடுது, டிராகுலா பல்லு மாட்டிக்கிட்டு இவங்களைப் பாத்து உறுமிட்டு, "நீங்க பயப்படணும், பயந்த மாதிரி நடிங்க"ன்னு சொன்னானாம். நடிச்சிருக்காங்க. அவன் சரியில்ல, இன்னும் நல்லா பயப்படுங்கன்னு மறுபடி மறுபடி நடிக்க வெச்சிருக்கான், ட்ரிப்ஸ் ஸ்டாண்டைப் புடிச்சுக்கிட்டு அவன் சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம்ல இருந்து ஆள் வந்து எட்டிப் பாத்திருக்காங்க. அக்கா என்கிட்ட சொன்னாங்க, "சின்ன வயசுல இருந்து நிஜமாவே பயந்துக்கிட்டு இருக்கேன், நடிச்சுக் காட்டுன்னு யாரும் கேட்டதே இல்ல." இதைச் சொல்றப்பவும் சிரிப்பை அடக்க முடியல அவங்களுக்கு.

அதுக்கப்புறமும் உடனே லைட்டைப் போட்டுடல. பாஸ்டர்கிட்ட கேட்டாங்க, அவரு வேண்டாம்னாரு. வீட்டுக்காரர் உன் இஷ்டம்னாரு (எல்லா ஊர்லயும் வீட்டுக்காரர்கள் இதைத்தான் சொல்வாங்க போல). இபாடான்ல இருந்து அவங்க அம்மா வீடியோ கால்ல, வாசல்ல தொங்குன எலும்புக்கூட்டைப் பாத்துட்டு, நம்ம ஊரு சபைப் பாட்டிமாரு "இயேசுவின் ரத்தம் ஜெயம்"னு சொல்ற அதே சுருதியில கத்துனதை நானே கேட்டிருக்கேன். எலும்புக்கூடு குப்பைக்குப் போச்சு, பூசணிக்கா மட்டும் இருக்கட்டும்னு ராஜி ஆனாங்க. பேய் வேஷம் கிடையாது, சூனியக்காரி கிடையாது, மிட்டாய் உண்டு, சிரிப்பு உண்டு, அதான் அவங்க வீட்டு ஹாலோவீன். இதையா காப்பின்னு சொல்றீங்க? எவன்கிட்ட இருந்து காப்பி? எந்தக் கடையில விக்குது ஆங்காராங்கிற அவங்க ஊரு ஆரஞ்சு அச்சுத் துணியில தெச்ச பூசணிக்கா கவுன்? பழைய தலகாணிப் பஞ்சை உள்ள அடைச்சு, வரிவரியா கையாலயே தையல் போட்டு, தலையில அவங்க ஊரு கல்யாணத்துக்குக் கட்டுற கேலே துண்டைப் பச்சைக் கலர்ல காம்பு மாதிரி நிமித்திக் கட்டியிருந்தாங்க. ஹூஸ்டன்ல அக்டோபர் கடைசியிலயும் வேர்க்கும், அந்தப் பஞ்சு மூட்டைக்குள்ள நின்னுக்கிட்டு ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் மிட்டாய் குடுத்தாங்க, அதுவும் முழு சைஸ் சாக்லேட். நிலக்கடலை அலர்ஜி உள்ள பிள்ளைங்களுக்குத் தனியா நீலப்பச்சைப் பூசணி வெச்சு அதுக்குள்ள பென்சிலும் ஸ்டிக்கரும். நர்ஸ் புத்தி.

சரி, பண்பாட்டுக் காவலருக்கு வருவோம். ஆப்பிரிக்கப் பண்பாடு ஆப்பிரிக்கப் பண்பாடுன்னு நாலு தடவை எழுதியிருக்கீங்களே, எகுங்குன் கேள்விப்பட்டிருக்கீங்களா? நைஜீரியாவுல இருக்குற யொருபா ஜனங்க செத்துப்போன முன்னோரை அழைக்கிற வேஷம். தலை முதல் கால் வரைக்கும் அடுக்கடுக்கா துணி, உள்ள இருக்குறது யாருன்னு தெரியக் கூடாது, தெருத்தெருவா ஆடிக்கிட்டு வந்து வீட்டுக்காரங்களை வாழ்த்தி காசு வாங்கிட்டுப் போகும். அக்காவோட இபாடான்ல ஓலோலுன்னு ஒண்ணு, அது வெளிய வந்தா பொம்பளைங்க பாக்கவே கூடாது, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கணும். அப்போ வேஷம் கட்டிக்கிட்டு வாசல் வாசலா போறதை வெள்ளைக்காரன்கிட்ட கத்துக்கணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து? அதுவுமில்லாம அந்த ஹாலோவீனே அமெரிக்காக்காரன் சொத்து கிடையாது, பஞ்சத்துல அடிபட்டுக் கப்பலேறி வந்த ஐரிஷ்காரனும் கூடவே ஸ்காட்லாந்துக்காரனும் கொண்டு வந்தது. அங்க டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு விளக்கு வெச்சவன் இங்க பூசணிக்கா சல்லிசா கிடைச்சதும் அதைக் குடைஞ்சான். குடியேறி வந்தவன் பண்டிகைதான் அது. அதுல இன்னொரு குடியேறி அக்கா கேலே கட்டிக்கிட்டு வந்து நின்னா உங்களுக்கு எங்க வலிக்குது?

எனக்கு இது ஒண்ணும் அதிசயமா தெரியல, ஏன்னா நான் குலசேகரன்பட்டினம் பக்கம். தசரா வந்தா எங்க மாமா காப்பு கட்டி, விரதம் இருந்து, காளி வேஷம் போடுவாரு. சடைமுடி, நாக்கு, தகரத்துல பண்ணுன கிரீடம், அதோட வெயிட்டுல கழுத்து ரெண்டு நாளைக்குத் திரும்பாது. கூட வர்ற செட்டுல ஒருத்தரு குரங்கு, ஒருத்தரு குறவன், ஒருத்தரு போலீஸ், மீசையை வெச்சுக்கிட்டே பொம்பளை வேஷம் போடுறவரும் உண்டு. மேளத்தோட வீடு வீடா போய்க் காணிக்கை பிரிச்சு முத்தாரம்மன் உண்டியல்ல போடுவாங்க. சின்னப் பிள்ளையில காளியைப் பாத்து அலறிக்கிட்டு கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுட்டு, அப்புறம் அதே காளி எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து காப்பித் தண்ணி கேட்டப்ப குரலை வெச்சு மாமான்னு கண்டுபுடிச்சிருக்கேன். இதை அக்காகிட்ட சொன்னப்ப அவங்க அவங்க ஊரு எகுங்குன் சாட்டையை எடுத்துக்கிட்டு துரத்துன கதையைச் சொன்னாங்க. ரெண்டு பேரும் ட்ரைவ்வேயில நின்னு ஒரு மணி நேரம் பேசியிருப்போம், பால் வாங்கப் போனவ நான்.

"இது வெறும் வியாபாரம்"னு ஒரு கமென்ட். ஆமா, வியாபாரம்தான், வருஷத்துக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல செலவு பண்றான் அமெரிக்காக்காரன். அட்சய திருதியை அன்னைக்கு நகைக்கடை வாசல்ல நின்னுட்டு வந்து இதைப் பேசுங்க. அடுத்து.

"முன்னப்பின்ன தெரியாதவன் குடுக்குற மிட்டாயில விஷம் இருக்கும்"னு ஒரு அக்கறை. இந்த ஊர்ல எல்லாரும் சொல்ற அந்தக் கதை நம்ம ஹூஸ்டனுக்குப் பக்கத்துல டீர் பார்க்ல 1974-ல நடந்தது, எட்டு வயசுப் பையன் மிட்டாய்ல இருந்த சயனைடால செத்தான். வெச்சது யாரு தெரியுமா? பெத்த அப்பன். இன்சூரன்ஸ் பணத்துக்காக. 1984-ல அவனுக்கு மரண தண்டனையும் நிறைவேறிடுச்சு. தெரியாதவங்க பேர்ல பழி போடுறது எவ்ளோ சுலபம் பாருங்க.

உண்மையான பயம் எதுன்னு நான் சொல்லட்டா? அக்கா பையன் இந்த வருஷம் விண்வெளி வீரன் வேஷம். ஒவ்வொரு வீட்டு வாசல்கிட்ட போறப்பவும் ஹெல்மெட்டைக் கழட்டி கக்கத்துல வெச்சுக்கணும், மூஞ்சி தெரியணும். புல்தரை மேல குறுக்க ஓடக் கூடாது. பெல் ஒரு தடவைதான், அடிச்சுட்டு ரெண்டு அடி பின்னால வந்து நிக்கணும், ரெண்டு கையும் வெளிய தெரியணும். பொம்மைத் துப்பாக்கி எந்த வேஷத்துக்கும் கிடையாது. எம்பையன் பிளாஸ்டிக் கத்தியைச் சுத்திக்கிட்டு எல்லார் புல்லையும் மிதிச்சுட்டு ஓடுறான், இவன் வாசல்ல நின்னு ஹெல்மெட்டைக் கழட்டிக்கிட்டு இருக்கான். 1992-ல பேட்டன் ரூஜ்ல ஹாலோவீன் பார்ட்டிக்குப் போன ஜப்பான் மாணவன் வீடு மாறிப் போய் பெல் அடிச்சதுக்குச் சுட்டுக் கொன்னாங்க, சுட்டவர் குற்றவாளி இல்லைன்னு கோர்ட்டு விட்டுடுச்சு. 2014-ல க்ளீவ்லாண்ட்ல பொம்மைத் துப்பாக்கி வெச்சிருந்த பன்னெண்டு வயசுக் கறுப்பினப் பையனை போலீஸ் சுட்டுச்சு. இதெல்லாம் தெரிஞ்சும் அந்தம்மா பிள்ளையை வெளிய கூட்டிட்டுப் போறாங்க, தெருவுல எல்லாருக்கும் தன் பிள்ளையோட முகம் பழகட்டும்னு. அதை என்கிட்ட வாய்விட்டுச் சொல்லியிருக்காங்க. இதுக்குப் பேரு அடிமைப் புத்தியா? கட்டுரை எழுதுன ஐயா, உங்க பையனுக்கு இப்படி ஒரு லிஸ்ட் குடுத்து அனுப்பியிருக்கீங்களா என்னைக்காவது?

"நீ ஏன் அவங்களுக்கு வக்காலத்து"ன்னும் கேட்டாச்சு. நான்தானே போட்டோ போட்டேன், நான்தான் பேசணும். அதுவும் போக, எனக்கும் இதுல கணக்கு இருக்கு. எங்க வீட்ல எனக்கு வரன் பாத்தப்ப விளம்பரத்துல "மாநிறம்"னு போட்டாங்க. மாநிறமாம். எதுக்கப்பா பொய்னு கேட்டதுக்கு எங்கப்பா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. சரி, அது அந்தக் காலம்னு பாத்தா, இங்க பிறந்த எம்பொண்ணுக்கு தமிழ்ச் சங்கத்து நாடகத்துல வருஷா வருஷம் அரக்கி வேஷம், செவத்த பிள்ளைங்களுக்கு ஆண்டாளும் சீதையும். "அவ குரல் கணீர்னு இருக்கு, அதான்"னு விளக்கம் வேற. வாயைத் திறந்தா கறுப்பே அழகு காந்தலே ருசின்னு பழமொழி வரும். ஃபேர் அண்ட் லவ்லி கம்பெனிக்காரனே 2020-ல பேரை மாத்திட்டான், நம்மாளு வாய் மட்டும் அப்படியேதான் இருக்கு.

"ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கணும்"னு சொல்றவங்களுக்கு இது. ஞாயித்துக்கிழமை காலையில அக்கா டூட்டி முடிஞ்சு வந்தாங்க. அந்த ஸ்க்ரீன்ஷாட்டை யாரோ அவங்களுக்கும் ஃபார்வேர்டு பண்ணியிருக்காங்க. தமிழ் படிக்கத் தெரியாது, சிரிக்கிற மூஞ்சிங்க மட்டும் தெரியுது. போனை என்கிட்ட நீட்டி, "உங்க ஆளுங்களுக்கு என் டிரஸ் ரொம்பப் புடிச்சிருக்கு போல, இத்தனை பேரு சிரிச்சிருக்காங்க"ன்னு அவ்ளோ சந்தோஷமா கேட்டாங்க. ஆமாக்கா, ரொம்ப நல்லாருக்குன்னு சொல்றாங்கன்னேன். வேற என்னத்தைச் சொல்ல? அடுத்த வருஷம் எனக்கும் ஒண்ணு தெச்சுத் தர்றாங்களாம், கத்திரிக்கா.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்த அண்ணாச்சி யாருன்னு எனக்கு நல்லாவே தெரியும், ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. உங்க ரெண்டு பிள்ளைங்களும் அன்னைக்கு ராத்திரி அந்த வாசல்ல நின்னு ஆளுக்கொரு முழு சாக்லேட் வாங்குனதை நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சின்னவ தேங்க்யூ சொல்ல மறந்துட்டா, பெரியவன் அவ தோளைத் தட்டிச் சொல்ல வெச்சான். நல்லா வளத்திருக்கீங்க பிள்ளைங்களை.

கமென்ட் பாக்ஸ் திறந்துதான் இருக்கு, யாரையும் பிளாக் பண்ணப் போறதில்ல. அந்த "மேக்கப் செலவு மிச்சம்"ல என்ன சிரிப்புன்னு விவரமா எழுதுங்க, ஒருத்தர் விடாம எழுதுங்க. அக்காவுக்கு வியாழக்கிழமை லீவு, நானே உக்காந்து வரி வரியா இங்கிலீஷ்ல படிச்சுக் காட்டுறேன்.