ஐஸ் தண்ணிக்குள்ள 27 டிகிரின்னு காட்டுது, கேட்டா உப்புக்காத்தாம்

"உப்புக்காத்துக்கா, நாங்க என்ன பண்றது"ன்னு இன்னொரு தடவ யாராச்சும் எங்கிட்ட வந்து சொல்லட்டும், அப்ப இருக்கு.

மண்டபத்துல இட்லி மாவு யாவாரம் பண்றேன். சாயங்காலம் ஆட்டுனா விடியக்காலைல ஓட்டலுக்குப் போயாகணும். இங்க கோடையில ராத்திரி கூட வெக்கை எறங்காது, மாவ வெளிய வச்சா பாதி ராத்திரியிலயே பொங்கி வழிஞ்சு விடியுறதுக்குள்ள புளிச்சுப் போயிரும், அத ஓட்டல்ல வாங்க மாட்டாங்க. அதுக்காகத்தான் பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் ஒண்ணு வாங்கி, டிஜிட்டல் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்டி, 28 டிகிரில வச்சிருந்தேன். வெளிநாட்டுல வீட்டுலயே பீர் போடுறவங்க 18, 20 டிகிரில வைக்கிறதுக்கு இதே சாமானத்தான் ஃப்ரிட்ஜுல மாட்டுறாங்க. சூடு ஏறுனா கம்ப்ரசர் ஓடணும், வச்ச டிகிரி வந்தா நிக்கணும். அந்தப் பொட்டிக்கு இருக்குற ஒரே வேலை இதுதான், அதக்கூட செய்ய மாட்டேங்குது.

அதுவும் என்னைக்குப் பாத்து? ஆடி அமாவாசைக்கு! அக்னி தீர்த்தத்துல முழுகுறதுக்கு எங்கெங்க இருந்தோ சனம் வந்து எறங்குற நாளு, ராமேஸ்வரத்துல எல்லா ஓட்டலும் வழக்கத்த விட கூட கேட்டிருந்தாங்க. காலைல தொறந்து பாக்குறேன், ஊத்தி வச்ச அளவுலயே கெடக்கு மாவு, ஒரு குமிழி இல்ல. உள்ள கைய விட்டா வெறைக்குது. கம்ப்ரசர் விடிய விடிய ஓடியிருக்கு. டிஸ்ப்ளேல 31! நான் கண்ணாடி தெர்மாமீட்டர எடுத்து உள்ள வச்சுப் பாத்தா 10. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல.

மெக்கானிக்க கூப்பிட்டேன். வந்தாரு, டிஸ்ப்ளேய பாத்தாரு, "31 காட்டுதுல்லக்கா, கூலிங் பத்தல, கேஸ் கம்மியா இருக்கு"ன்னாரு. ஏங்க, கேஸ் கம்மின்னா கூலிங் ஏறாது, இங்க உள்ள கைய வைக்க முடியாம வெறைக்குது, தெர்மாமீட்டர் 10 காட்டுது, கூலிங் இல்லன்னு எத வச்சு சொல்றீங்க? சொல்லச் சொல்ல கேக்கல, கேஸ அடிச்சுட்டு காச வாங்கிட்டுப் போயிட்டாரு. போறப்ப சும்மாவும் போகல, நின்ன கம்ப்ரசர் மறுபடி ஓட காத்திருக்குற டிலே நேரத்த 3 நிமிஷம் வச்சிருந்தத 1 நிமிஷமாக்கிட்டாரு, சீக்கிரம் கூல் ஆகுமாம். நின்ன கம்ப்ரசருக்குள்ள ரெண்டு பக்கத்து பிரஷரும் சமமாக சில நிமிஷம் ஆகும், அதுக்கு முன்னாடி ஸ்டார்ட் குடுத்தா திணறி உறுமிட்டு ஓவர்லோடு கட் ஆகும், இப்படியே போனா கம்ப்ரசரே போயிரும். கரண்டு கண்ண மூடி கண்ண தொறக்குற ஊருல அந்த டிலேல கை வைக்கலாமாங்க?

கன்ட்ரோலர் வித்தவங்களுக்குப் போன் போட்டா, மொதல்ல ஸ்டெபிலைசர் வாங்குங்க மேடம்னாங்க, அப்புறம் கேலிப்ரேஷன்ல, அதான் காட்டுற டிகிரில இருந்து ஒரு நம்பர கழிக்கிற செட்டிங்குல, கொறச்சு வச்சுக்கோங்கன்னாங்க, கடைசியா ஊரு எதுன்னு கேட்டுட்டு "கடலோரமா, அப்ப உப்புக்காத்துதான், அதுக்கு வாரண்டி வராது, புதுசு வாங்கிக்கோங்க". முடிஞ்சுச்சு பேச்சு.

என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சவரு மீன்புடி போட்டுகளுக்கு வயரிங் பாக்குற எங்க தெருக்கார அண்ணன். ஃப்ரிட்ஜுக்குள்ள சூட்ட அளந்து கன்ட்ரோலருக்கு சொல்ற சென்சார மட்டும் கழட்டுனாரு, ஒரு டம்ளர் நிறைய ஐஸ்கட்டிய ஒடச்சுப் போட்டு கொஞ்சம் தண்ணி ஊத்துனாரு, அதுக்குள்ள சென்சார் தலைய முக்கி மல்டிமீட்டர வச்சாரு. இந்த 10 கிலோ ஓம் சென்சார் இருக்குல்ல, 25 டிகிரில அதோட மின்தடை 10 கிலோ ஓம் இருக்கும், சூடு ஏற ஏற ஓம் கொறையும், குளிர குளிர கூடும், ஐஸ் தண்ணில 27 கிலோ ஓமுக்கு மேல 33-க்குள்ள காட்டணும். காட்டுனது 9! கன்ட்ரோலர்ல மாட்டி மறுபடி ஐஸ்ல முக்குனா 27 டிகிரின்னு டிஸ்ப்ளேல வருது, ஐஸ் தண்ணிக்கு! காரணம் என்னன்னா தலையில வயரு உள்ள போற எடத்துல சீல் சரியில்ல, மாவுப் பாத்திரத்து ஈரமும் உப்புப் படிவும் உள்ள போயி ரெண்டு வயருக்கும் நடுவுல கரண்டு கசியுது. கசிஞ்சா ஓம் கொறையும், ஓம் கொறஞ்சா கன்ட்ரோலர் சூடுன்னு நெனைக்கும், கம்ப்ரசர நிறுத்தவே நிறுத்தாது. வெயில்ல காய வச்சா அரை நாளைக்கு ஒழுங்கா காட்டுது, ஃப்ரிட்ஜுக்குள்ள போயி ஈரம் பட்டதும் பழையபடி ஏமாத்துது. கேலிப்ரேஷன்ல கொறச்சா சரியாயிருமாம்ல? எப்படிங்க ஆகும்? இந்தக் கசிவு குளிர்ல ரொம்ப தப்பா காட்டும், சூட்டுல கொஞ்சம் கம்மியா தப்பா காட்டும், அதுலயும் ஈரத்தப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும், ஒரே நம்பர கழிச்சு எத சரி பண்ண?

நூறு ரூபாய்க்குள்ள கெடைக்கிற சென்சாருங்க இது. புதுசு வாங்கி தலையிலயும் வயரு சேருற எடத்துலயும் எபாக்ஸி பூசி, மேல சூடு காட்டுனா சுருங்குற, உள்ள பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு இறுக்கி, கனெக்டர்ல கிரீஸ் தடவி, சட்டிக்கு வெளிப்பக்கம் ஒட்டி மேல ஒரு தெர்மாகோல் துண்டு வச்சுக் கட்டியாச்சு. இப்ப 28-ல நிக்குது. இத ஏன் விக்கிறப்பயே பண்ணல?

உப்புக்காத்து நேத்தா வந்துச்சு? 1914-ல தொறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் இதே காத்துலதான் 2022 வரைக்கும் ரயில சொமந்துச்சு, துரு புடிக்கும்னு தெரிஞ்சு விடாம பெயிண்ட் அடிச்சுக் காப்பாத்துனாங்க. எங்க ஆளுங்க கடலுக்கு நடுவுல ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் வச்சு ஓட்டுறாங்க, ஈரமும் உப்பும் உண்டுன்னு தெரிஞ்சேதான் ஒவ்வொரு ஜாயிண்டையும் மூடி வைக்கிறாங்க. காத்துல உப்பு இருக்குன்னா சீல நல்லா போடணும்னு அர்த்தம், வாரண்டிய கைவிரிக்கலாம்னு அர்த்தம் இல்ல. கடலோரத்துல வேல செய்யாதுன்னா பொட்டி மேல அப்படியே எழுதி வில்லுங்க, நாங்க வாங்காம இருந்துக்கிறோம்.

இங்க இந்த மாதிரி கன்ட்ரோலர் வச்சிருக்கவங்க, மாவோ மீனோ எதுக்கு வச்சிருந்தாலும் சரி, டிஸ்ப்ளேய நம்பி யாருக்கும் காசு குடுத்துராதீங்க, மொதல்ல சென்சார ஐஸ் தண்ணில முக்குங்க. 0 பக்கத்துல வரலைன்னா கேஸ் அடிக்க வர்றவர வாசல்லயே நிப்பாட்டுங்க. நான் குடுத்த கேஸ் காச அவருகிட்ட திருப்பிக் கேக்கத்தான் போறேன்.