நுணலின் வாய்

"நுணலும் தன் வாயால் கெடும்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்த தவளை, சும்மா இராமல் கத்தி மாட்டிக்கொண்டதாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையைப் பற்றிப் படிக்கப் படிக்க, எனக்கு இந்தப் பழமொழி மேல் கோபமே வருகிறது.

உப்பிய உடம்பு, சின்னத் தலை, பன்றிக்கு இருப்பதுபோல் கூம்பிய வெளுத்த மூக்கு. பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு தடிப்பு. அதால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே உள்ளே இறங்கிவிடும். சாப்பாட்டுக்கும் வெளியே வர வேண்டியதில்லை, கறையான் கீழேயே கிடைக்கிறது. ஆண்டில் சில நாள் மட்டும், மழை தொடங்கும் சமயத்தில், ஆண் மண்ணுக்குள் இருந்தபடியே கூப்பிடும். பெண் உருவத்தில் பெரியது. அதன் முதுகில் ஆண் தொற்றிக்கொள்ள, இரண்டும் ஓடைக்குப் போகும். பாறைக்குழி நீரில் ஆயிரக்கணக்கில் முட்டை. அப்புறம் மறுபடி மண்ணுக்குள். அந்தக் குரல் எழாவிட்டால் அடுத்த தலைமுறையே கிடையாது.

தலைப்பிரட்டையைப் பாருங்கள். மழை வலுத்து ஓடை பாய்ந்து வரும்போது அது அடித்துப்போவதில்லை. அதன் வாய் ஓர் உறிஞ்சி. வழுக்குப் பாறையை வாயால் பற்றிக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்றபடி மூன்று மாதத்துக்கும் மேல் அந்த வேக நீரிலேயே வளர்கிறது. வாய்தான் ஐயா அதைக் காப்பாற்றுகிறது!

இந்தத் தலைப்பிரட்டையை 1918-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். வளர்ந்த தவளை அறிவியலுக்கு அறிமுகமானதோ 2003-இல், இடுக்கியிலிருந்து. பிஜு, பொசூயிட் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்தார்கள். நெருங்கிய சொந்தங்கள் கடல் தாண்டி சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒரே நிலமாகக் கிடந்த காலத்து உறவு அது. 2017-இல் மலையின் கிழக்குச் சரிவில், நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், இதன் உடன்பிறப்பு போல இன்னொரு இனத்தை விவரித்து, மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரை வைத்தார்கள். அது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பது.

சரி, இதைக் கெடுப்பது எது? நம் கண்தான். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையைப் பார்த்து 'சும்மா கிடக்கிற இடம்' என்று முடிவு கட்டுகிறோம். குறுக்கே தடுப்பணை, மேலே சாலை, கரை வரை தோட்டம். பாறைக்குழி தூர்ந்தால் முட்டை எங்கே தங்கும்? பாய்ச்சல் நின்றால் அந்த உறிஞ்சி வாய்க்கு என்ன வேலை?

மலையோடையில் கட்டுமானம் என்றால், கோடைப் பகலில் ஒரு நடை போய்ப் பார்த்து 'இங்கே ஒன்றுமில்லை' என்று அறிக்கை எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும். அறிக்கை எழுதுபவர்கள் மழை இறங்கும் முதல் வாரம், இரவில் போகட்டும். டார்ச்சை அணைத்துவிட்டு, தரைக்குள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு எழுதட்டும்.